வால்பாறையில் மழைக்காலம்: கால், படுக்கை, விறகு காய்ந்திருக்கட்டும்

வால்பாறைக்கு வேலை மாற்றலாகி வருபவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில் வந்துதான் வீடு பார்க்கிறார்கள். பொள்ளாச்சியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது இங்கே மின்விசிறி தேவைப்படாது. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, அதற்கு மேலே சோலைக்காடு. ஊர் பார்த்ததுமே பிடித்துப்போகும். ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். சூரியன் முகம் காட்டாமலே வாரம் ஓடும், துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரமாய்த் தொங்கும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும். ஆகஸ்ட் வருவதற்குள் பாதிப்பேர் மாற்றலுக்கு எழுதிப் போட்டிருப்பார்கள்.

ஆளை ஓய்த்துவிடுவது வானத்திலிருந்து விழும் நீரைவிட வீட்டுக்குள் தங்கிவிடும் ஓதம்தான். நனைந்த கால், ஈரம் கோத்த படுக்கை, பற்றாத விறகு: இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பச்சையும் கண்ணில் படாது. மூன்றும் காய்ந்திருந்தால் ஜூலைதான் இந்த மலையின் மிகச் சிறந்த மாதம். அதற்கு என்ன செய்ய வேண்டும், எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

மழையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரபிக் கடலிலிருந்து வரும் காற்று ஆனைமலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டுப் போகிறது. மலைக்குக் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வெறும் காற்றும் சாரலுமாக இருப்பது அதனால்தான். கோயம்புத்தூர் நகரம் ஓர் ஆண்டில் பெறும் மழை சுமார் 65 முதல் 70 செ.மீ. வால்பாறையை அடுத்துள்ள சின்னக்கல்லாறு, பருவம் உச்சத்தில் இருக்கும்போது அவ்வளவு மழையைச் சில வாரங்களிலேயே பார்த்துவிடும். தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று.

வானிலை ஆய்வு மையம் தினமும் வெளியிடும் மழையளவுப் பட்டியலில் சின்னக்கல்லாறு, சின்கோனா, சோலையாறு, வால்பாறை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்), வால்பாறை தாலுகா அலுவலகம் என்று தனித்தனியாக வரும். காலை 8.30 வரையிலான 24 மணி நேரக் கணக்கு அது. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் எண்ணை ஒரு மாதம் கவனித்து வந்தால், ‘7 செ.மீ.’ என்றால் வாசலில் என்ன நடக்கும், ‘15 செ.மீ.’ என்றால் எந்தப் பாதை அடைபடும் என்று கைக்கணக்காகவே பிடிபட்டுவிடும். 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. மிக கனமழை எச்சரிக்கை வந்தால் மலைப்பாதைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதி கனமழை என்றால் வீட்டைவிட்டு நகர வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்கரை இருந்தால் மட்டும் நேர்மாறாக, அன்று இரவு வேறு வீட்டில் தங்குங்கள்.

மழை நான்கு மாதமும் ஒரே மாதிரி பெய்வதில்லை. நான்கைந்து நாள் கொட்டும், பிறகு ஓரிரு நாள் தூறலோடு நிற்கும், நடுவே அரை மணி நேரம் வெறிக்கும். இங்கே வாழும் கலை முழுக்க அந்த அரை மணி நேரத்தைக் கைவிடாமல் இருப்பதில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வேறு விதம்: காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும்.

மே மாதத்து வேலை

கூரையில் தொடங்குங்கள். தகரக் கூரையில் ஒழுகுவது பெரும்பாலும் தகடு ஓட்டையானதால் இருக்காது, திருகாணியடியில்தான் ஒழுகும். திருகாணிக்குக் கீழே உள்ள ரப்பர் வாஷர் சில வருட வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வெடித்ததை மாற்றுங்கள். திருகாணி தகட்டின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்திருந்தால் நீர் ஓடும் வழியிலேயே துளை போட்டதாகிவிடும். தகடுகள் பக்கவாட்டில் ஒன்றரை நெளி, நீளவாட்டில் குறைந்தது 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இதில் குறைந்தால் சாய்ந்தடிக்கும் மழையில் காற்று நீரைத் தகட்டின் அடியில் மேல்நோக்கித் தள்ளிவிடும். அப்படி ஒழுகும் வீட்டில் சாதாரண மழைக்கு ஒன்றும் தெரியாது, காற்று அடிக்கும் நாளில் மட்டும் சொட்டும். ஒழுகும் இடம் ஓரிடம், துளை வேறிடம் என்றிருப்பதும் சகஜம், நீர் மரச்சட்டத்தின் வழியே நாலடி ஓடி வந்துகூடச் சொட்டும்.

கூரைத் தண்ணீர் வடியும் தகர வாய்க்காலில் சில்வர் ஓக் சருகு அடைத்திருக்கும். மே கடைசியில் ஒருமுறை, ஜூலை நடுவில் ஒருமுறை அதை வாரி எடுங்கள். வீட்டைச் சுற்றி சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி சரிவுப் பக்கம் திருப்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் உள்ளே எத்தனை ரூபாய்க்குப் பெயின்ட் அடித்தாலும் சுவர் கொப்புளித்துக் கொட்டிவிடும்.

சுவர் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செலவழிக்காதீர்கள். ஓரடிச் சதுரத்துக்கு சமையலறை அலுமினியத் தாளை வெட்டி, ஈரமாயிருக்கும் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிறகு பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அறையைப் பார்த்த பக்கம் முத்துமுத்தாய் நீர் கோத்திருந்தால் அது அறைக்குள்ளிருக்கும் ஆவி, காற்றோட்டம் போதவில்லை. தாளை உரித்ததும் சுவரைத் தொட்டிருந்த பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளிப்பூச்சையோ அடித்தளத்தையோ பார்க்க வேண்டும். முதல் வகைக்கு ஜன்னலைத் திறப்பதே மருந்து. இரண்டாம் வகைக்கு வெளியே மேஸ்திரி வேலை. இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் வீண்செலவு.

விறகு. எல்லா வீட்டிலும் கேஸ் வந்துவிட்டது என்றாலும் வெந்நீருக்கும் குளிர் காயவும் துணி உலர்த்தவும் விறகடுப்பு வேண்டியிருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வாங்கிப் பிளந்து அடுக்கிவிடுங்கள். பிளக்காத உருட்டுக்கட்டை எத்தனை மாதம் கிடந்தாலும் உள்ளே காயாது, பட்டை ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். தரையில் அரையடி உயரத்துக்குக் கல் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகடோ தார்ப்பாயோ போதும். பக்கவாட்டிலும் சுற்றி மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். மொத்தென்று சத்தம் வந்தால் அது இந்த மழைக்கு உதவாது. சில்வர் ஓக் சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு (சிறு குச்சி) பற்றவைக்க நல்லது. பழைய செடியைப் பிடுங்கிய தேயிலைக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள், கங்கு நெடுநேரம் நிற்கும். காட்டுக்குள் போய் விறகு பொறுக்காதீர்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம்; வழக்கும் வரும், கரடியும் வரும்.

கரிக்கங்கை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. தலைவலி, மயக்கம், அப்படியே உயிர் போய்விடும். மலையூர்களில் இப்படிக் குடும்பத்தோடு செத்தவர்கள் உண்டு. கணப்பு போடுவதானால் விழித்திருக்கும்போது, ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்து, படுக்கப் போகும் முன் சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும்.

படுக்கையும் துணியும்

கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், நான்கு விரற்கடை இடைவெளியாவது விடுங்கள். தரையில் மெத்தை போட்டால் இரண்டே வாரத்தில் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விழும்: உடம்புச் சூட்டில் வரும் வியர்வை ஆவி கீழே குளிர்ந்த தரையில் பட்டு நீராகிவிடுகிறது. பலகைக் கட்டிலிலும் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையை மழைக்கு முன் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டு உறை மாட்டிவிடுங்கள். காலையில் எழுந்ததும் போர்வையை மடிக்காமல் ஒரு மணி நேரம் உதறிப் போட்டு வைக்க வேண்டும். சுத்தமாயிருக்கட்டும் என்று எழுந்த சூட்டோடு மடித்து வைத்தால் ஈரத்தையும் சேர்த்து மடித்ததாகிவிடும். ராத்திரி படுக்கும் முன் வெந்நீர்ப் பை ஒன்றைப் போர்வைக்குள் பத்து நிமிடம் வைத்தால் படுக்கையின் சில்லிப்பு போய்விடும்.

ஒரு தடவை துவைத்த துணி காயும்போது ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது. அதைப் படுக்கையறைக் கொடியில் தொங்கவிட்டால் அத்தனையும் சுவருக்கும் மெத்தைக்கும் போகும். கொடி சமையலறையில், அடுப்புக்கு மேல் ஆனால் தீ எட்டாத உயரத்தில், புகைபோக்கிப் பக்கமாய் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருநாள் மொத்தமாய்த் துவைப்பதை விட்டுவிட்டு தினமும் நான்கைந்து உருப்படி துவையுங்கள். வாஷிங் மெஷின் இருந்தால் பிழியும் சுற்றை இரண்டு முறை ஓட்டுங்கள். ஜீன்ஸைக் கோடையில் போட்டுக்கொள்ளலாம், ஜூலையில் அது நான்கு நாள் காயாது. பாலியஸ்டர் கலந்த பேன்ட், கம்பளிச் சட்டைதான் இந்த ஊருக்குத் தோது. கொஞ்சம் ஈரம் தங்கியிருக்கும் துணியை இஸ்திரி போட்டு, சூடு ஆறும்வரை வெளியே தொங்கவிட்டு, பிறகுதான் அலமாரியில் வைக்க வேண்டும்.

அலமாரிக்குப் பழைய வழி ஒன்று இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது: அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. கூடாது, அது சூடாகாது. பல்பைச் சுற்றிக் கம்பிக்கூண்டு, துணிக்கும் அதற்கும் நடுவே ஓரடி இடைவெளி, கதவு இம்மியளவு திறந்திருக்க வேண்டும். பகலில் ஐந்தாறு மணி நேரம், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் எரியவிட்டால் போதும். கேமரா, பைனாகுலர் வைத்திருப்பவர்கள் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் டப்பாவுக்கு கால் கிலோ தாராளம். உள்ளே ஒரு சின்ன ஈரமானி வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தெடுத்தால் மறுபடி பயன்படும். லென்ஸைத் தோல் உறையில் வைப்பதுதான் மோசம், பூஞ்சைக்கு அந்தத் தோலே தீனி.

கால்

இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜோடி கம்பூட்ஸ் வேண்டும். ஒன்று காலில், ஒன்று காயும் இடத்தில். கம்பூட்ஸை உங்கள் அளவைவிட ஒன்று பெரிதாக வாங்கி உள்ளே கம்பளிக் காலுறை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் திணிக்க வேண்டும். முதல் தாள் குடித்த ஈரத்தை அப்படியே விட்டால் அது திரும்பவும் பூட்ஸுக்கே போகும்.

விரலிடுக்கு நனைந்தே இருந்தால் சேற்றுப்புண் வந்துவிடும். வேலை முடிந்து வந்ததும் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாகத் துணியால் ஒற்றி எடுங்கள். வந்துவிட்டால் க்ளோட்ரிமசோல் களிம்பைக் காலையும் இரவும் தடவலாம். அரிப்பு நான்கைந்து நாளில் நின்றுவிடும், ஆனால் களிம்பை நிறுத்தாமல் இரண்டு முதல் நான்கு வாரம் தொடர வேண்டும். பாதியில் விட்டால் அடுத்த மழையில் திரும்பி வரும். காலில் வெட்டுக்காயமோ புண்ணோ இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் ‘மழைத்தண்ணீரில் நடந்தேன்’ என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் எலிக்காய்ச்சலை யோசிக்க அது உதவும்.

அட்டைக்குப் பயந்தே பலர் நான்கு மாதம் புல்லில் கால் வைப்பதில்லை, அவ்வளவு பயம் தேவையில்லை. நெருக்கமாய் நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறையைச் சாதாரண காலுறைக்கு மேலே, பேன்ட் நுனியையும் உள்ளே விட்டுக் கட்டிக்கொண்டு பிறகு ஷூ போடுங்கள். காலுறை காய்ந்திருக்கும்போதே மேலே சோப்புக்கட்டியை அழுத்தித் தேய்த்துவிட்டால் ஏற வழுக்கும். உப்பும் புகையிலையும் வேலை செய்யும், ஆனால் மழையில் அரைமணிக்கொரு தரம் கரைந்துபோகும். நடக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலைப் பாருங்கள். உட்கார்ந்து பேசுவதானால் பாறை மேல் உட்காருங்கள், சருகு மேல் வேண்டாம்.

கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், உப்பைக் கொட்டாதீர்கள், பிடித்து இழுக்காதீர்கள். சூடோ உப்போ பட்டால் அட்டை வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கும். மெலிந்த முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் தள்ளி முதலில் வாயை விடுவியுங்கள், அடுத்து பருத்த முனையை. உடனே சுண்டி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் விரலில் ஒட்டிக்கொள்ளும். அதன் எச்சிலில் ரத்தம் உறையவிடாத பொருள் இருப்பதால் சிறு கடிக்கே மணிக்கணக்கில் கசியும். சோப்புப் போட்டுக் கழுவிப் பஞ்சு வைத்துக் கட்டினால் நின்றுவிடும். பிறகு சில நாள் அரிக்கும். சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதால் வரும் தொல்லைதான் அட்டைக்கடியைவிட அதிகம்.

குடையைப் பற்றி ஒரு சொல்: இந்தக் காற்றுக்கு மூன்று மடிப்புக் குடை ஒரு வாரம் தாங்காது. கட்டைக் கைப்பிடி வைத்த நீளக் குடைதான் நிற்கும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள ரெயின்கோட்; அங்கியைப் போலத் தொங்கும் வகை காற்றில் புரண்டு முகத்தை மூடிவிடும்.

சமையலறை

இட்லி மாவு பொங்காது. ஜூலையில் வீட்டுக்குள்ளேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கீழே எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே 16 மணி நேரம் கழித்தும் கல்லுப்போல் கிடக்கும். அரைக்கும்போது வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், வெந்தயம் ஒரு தேக்கரண்டி கூடப் போடுங்கள், கையால் கலக்குங்கள், உப்பைப் பொங்கிய பிறகு சேருங்கள். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும். பாத்திரத்தை மூடிபோட்ட பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றை வைத்தால் காலையில் மாவு ஏறியிருக்கும். தயிருக்கு ஹாட்பேக் போதும்.

அப்பளம், வறுத்த கடலை, மிளகாய்ப்பொடி எல்லாம் நமுத்துப்போகும். பெரிய டப்பாவைத் தினமும் திறந்து மூடுவதால்தான் ஈரம் ஏறுகிறது. ஒரு வாரத்துக்கானதைச் சின்னப் புட்டியில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதை அடைபட்டால் காய்கறியும் பாலும் வராது. பத்து நாளைக்கு அரிசி, பருப்பு, மாத்திரை, ஒரு உபரி சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். அரிசியையும் உப்பையும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், அந்த வாசனைக்கு யானை சுவரைத் தள்ளும். வீட்டை ஒட்டி வாழை வைப்பதும் அதே ஆபத்துதான்.

மழைநாளுக்கு அரிசியும் பருப்பும் சாதம் போல ஏதும் வராது. ஒரு டம்ளர் சாப்பாட்டு அரிசிக்குக் கால் டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாய்த் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். சின்ன வெங்காயம் பதினைந்து, தக்காளி ஒன்று, வரமிளகாய் மூன்று தாளித்து, பூண்டு எட்டுப் பல், சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி மூன்றையும் ஒன்றிரண்டாய் நசுக்கிப் போடுங்கள். கீழே மூன்று விசில் விடுபவர்கள் இங்கே நான்கு விடுங்கள், உயரத்தில் தண்ணீர் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சூடாய்ப் பரிமாறி மேலே நெய்.

கரண்ட்

மரம் விழுந்து லைன் அறுவது ஒவ்வொரு மழைக்கும் நடக்கும். 150 ஏ.எச். பேட்டரி வைத்த இன்வெர்ட்டரில் நான்கு எல்.இ.டி. பல்பும் வைஃபையும் மட்டும் ஓட்டினால் மாலைக்கு ஐந்து மணி நேரம் வீதம் மூன்று நாள் ஓட்டலாம். ஹீட்டரையோ கெட்டிலையோ அதில் மாட்டினால் அன்றைக்கே தீர்ந்துவிடும். சோலாரை நம்பி ஜூலையைத் திட்டமிடாதீர்கள். சுவர் நனையும் வீட்டில் 30 மில்லிஆம்பியர் அளவுள்ள மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம் வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து 30 அடி தள்ளி நின்று, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பாதையும் விலங்கும்

ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி பெரும்பாலும் அட்டகட்டிக்கு மேலே, கவர்க்கல் பக்கம் கெட்டியாக இருக்கும். ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோபீமும் மஞ்சள் விளக்கும் போதும். பஸ் வளைவில் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். மேலிருந்து இறங்குபவர் வளைவுக்கு முன்பே நின்று வழிவிட வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்கை இடையிடையே மட்டும் மிதியுங்கள். பிரேக்கிலேயே இறங்கினால் பாதி வழியில் சூடேறிப் பிடிக்காமல் போகும். சில்வர் ஓக் அடியில் வண்டி நிறுத்தாதீர்கள், காற்றுக்குக் கிளை முறியும். சோதனைச்சாவடி நேரமும் அனுமதி நடைமுறையும் மாறுவதுண்டு, புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூழாங்கல் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தானே என்று மழைக்காலத்தில் இறங்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாமல் மேல்மலையில் பெய்த மழைக்கு ஆற்றுத் தண்ணீர் சில நிமிடங்களில் ஏறிவிடும். உருண்டைக் கல்லில் பாசி, காலூன்ற முடியாது.

வனத்துறையோடு சேர்ந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைத்த சிவப்பு விளக்குகள் எரிந்தால் அருகில் யானை இருக்கிறது என்று பொருள். குறுஞ்செய்தி எச்சரிக்கையும் வரும், உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். பனியில் யானையின் உருவம் பத்தடியில்தான் தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் நடக்காதீர்கள். குழந்தைகளைத் தேயிலைச் செடிக்குள் தனியே விடவே வேண்டாம், சிறுத்தை இருக்கிறது.

மழை வெறித்ததும் வெளியே

பூட்ஸ், குடை, அட்டைக் காலுறை மூன்றையும் வாசலிலேயே வையுங்கள். மழை வெறித்த பிறகு தேடத் தொடங்கினால் அரை மணி நேரம் முடிந்துவிடும். காட்சி முனைகளுக்குப் போக வேண்டாம், அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. இந்த மாதங்களில் பார்க்க வேண்டியது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாலையோர மண்கரையில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பாருங்கள்: ஒரு சாண் இடத்தில் ஐந்தாறு வகைப் பாசி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பச்சை, அவற்றின் நடுவே சுருண்டு எழும் பெரணியின் குருத்து, அந்தக் குருத்தின் பழுப்பு ரோமத்தில் கோத்த நீர்த்துளி. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்; தின்பண்டம் கொடுக்காதீர்கள், வண்டியை மெதுவாக விடுங்கள். விடிவதற்கு முன் ஜன்னலைத் திறந்தால் ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும். அதன் இனப்பெருக்கக் காலமே இந்த மழைதான், கோடையில் வருபவர்களுக்கு அந்தப் பாட்டு முழுதாய்க் கிடைக்காது. ராத்திரியில் தவளைகள். ஆனைமலைப் பறக்கும் தவளை தண்ணீருக்கு மேலே தொங்கும் இலைகளை நுரையோடு சேர்த்து மடித்துக் கூடு கட்டும், தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேரே நீருக்குள் விழும். குட்டையோரச் செடியை மழைக்காலம் முடியும்வரை வெட்டாமல் விடுங்கள். எஸ்டேட் பாதையில் நடக்க அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சோலைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

பெய்யும் தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் மழை இன்னும் நெருக்கமாகிவிடும். மேல்நீராறில் விழுவது சுரங்கம் வழியே சோலையாறு அணைக்குப் போகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி, பிறகு மலையடிவாரக் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணை. ஆடியில் சோலையாறு அணை தன் முழு உயரமான 160 அடியைத் தொட்டதா என்று கோவை, திருப்பூர் மாவட்டத்தில் 3.5 லட்சம் ஏக்கருக்கு மேல் விவசாயம் செய்பவர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் கூரையில் ஓசையிடுவது அவர்களுடைய பாசனம்.

வெளிச்சக் குறைவு சிலருக்கு உண்மையிலேயே மனதை அழுத்தும். கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து காலை வேலையைச் செய்யுங்கள், பகலிலும் நல்ல வெளிச்சமான விளக்கைப் போடுங்கள், தினமும் ஒரு வீட்டுக்காவது போய்ப் பேசுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கீழேயிருந்து சொந்தபந்தம் வந்தால்

ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை, கழுவினால் காயும் ரப்பர் செருப்பு, ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். தோல் ஷூவும் பட்டுச்சேலையும் பொள்ளாச்சியிலேயே இருக்கட்டும். வாந்தி வருபவருக்கு மாத்திரையை ஆழியாறில் கொடுத்தால் பயனில்லை, ஏறுவதற்கு அரைமணி முன்பே கொடுக்க வேண்டும். இரண்டு நாளாவது தங்க வேண்டும், ஒருநாளில் வந்து போனால் மழை வெறிக்கும் நேரம் அமையாமலே போகலாம். திரும்பும் நாளில் மதியம் 2 மணிக்குள் மலையிறங்கத் தொடங்கிவிடட்டும், பனியும் இருட்டும் சேர்வதற்குள் கீழிருந்து எண்ணும் ஒன்பதாவது வளைவைத் தாண்டிவிடலாம்.